வீட்டுத் தோட்டம்: அந்த வெள்ளைக் கூட்டை நசுக்காதீர்கள்



இம்மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை வாசித்ததும் உடனே பதில் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நுவரெலியா நகரத்துக்குச் சற்று வெளியே குடியிருக்கும் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் பத்தடி அகலம், இருபதடி நீளத்தில் ஒரு துண்டு நிலம். அதில் முப்பது கோவா, இரண்டு வரிசை லீக்ஸ், கொஞ்சம் கரட். கோவா இலைகள் எல்லாம் சல்லடைபோல் ஆகிவிட்டனவாம். அவர் கணவர், மரக்கறித் தோட்டம் செய்யும் ஒரு கூட்டாளியிடம் கொஞ்சம் "மருந்து" வாங்கி வந்திருக்கிறார். அது ஒரு பழைய சோடாப் போத்தலில் இருக்கிறது. லேபிள் இல்லை. குசினி அலுமாரியின் கீழ்த்தட்டில், தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். "ஒரு வாளி தண்ணீருக்கு எத்தனை மூடி ஊற்ற வேண்டும்?" என்பதே அவருடைய கேள்வி.

ஒரு மூடிகூட ஊற்ற வேண்டாம், சகோதரி. இதழை மூடி வைத்துவிட்டு முதலில் எழுந்து போய் அந்தப் போத்தலைக் குசினியை விட்டு வெளியே எடுங்கள். பிள்ளைகளின் கை எட்டாத இடத்தில், பூட்டுப் போட்ட பெட்டிக்குள் வையுங்கள். "விஷம்" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். கானிலோ கழிவறையிலோ ஊற்றிவிடாதீர்கள். அந்தத் தண்ணீர் கீழே யாரோ ஒருவர் கழுவிக் குடிக்கும் ஓடைக்குத்தான் போய்ச் சேரும். என்ன செய்வதென்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். தாகத்தோடு விளையாடிவிட்டு ஓடி வரும் பிள்ளைக்குச் சோடாப் போத்தல் என்றால் சோடாதான். அதற்கு மேல் அது ஒன்றும் யோசிக்காது.

இப்போது கோவாவுக்கு வருவோம். அதற்கு முன்னால், உங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற தேயிலை மலைகளில் நடந்த ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும். இதே கேள்வியை, முப்பது கோவாவுக்கு அல்ல, ஆயிரக்கணக்கான ஏக்கர் தேயிலைக்கு, அன்றைய பெரியதுரைமார் கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில் இரண்டு தடவையாகக் கிடைத்தது. முதல் பதில் நல்லதாக அமைந்தது. இரண்டாவது பதிலுக்கு விலை கொடுக்க நேர்ந்தது.

தேயிலையில் இலைச்சுருட்டிப் புழு என்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதைத் 'டோர்ட்ரிக்ஸ்' என்பார்கள். கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு அது பழக்கமான பூச்சிதான். இரண்டு மூன்று இளம் இலைகளை நூலால் தைத்ததுபோல் ஒட்டிச் சுருட்டி, அந்தக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டு இலையை அரிக்கும். நாம் பறிப்பதும் இளங்கொழுந்து, அது தின்பதும் இளங்கொழுந்து. ஆகவே சேதம் நேரே வருமானத்தில் விழும். தாய் அந்துப்பூச்சி மண்ணிறமானது, சிறியது. அதன் முட்டைகள் இலையின் மேற்புறத்தில் மீன் செதில்போல் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். அக்காலத்தில் அந்த முட்டைக் கூட்டங்களைக் கையால் பொறுக்கி எடுத்து அழிப்பதுதான் முக்கியமான வழி. செடி செடியாகப் பார்க்க வேண்டும். எத்தனை கண்கள், எத்தனை நாட்கள்!

தலவாக்கலையில் செயின்ட் கூம்ப்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறதல்லவா? ஹட்டன் பக்கமிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த ஊரைக் கடந்துதான் வருவார்கள். அங்கிருந்த பூச்சியியலாளர்கள் வேறொரு விதமாக யோசித்தார்கள். இதே புழு ஜாவாத் தீவின் தேயிலையிலும் இருக்கிறது. ஆனால் இலங்கையில் செய்கிற அளவுக்கு அட்டகாசம் அங்கே செய்யவில்லையே, ஏன்? அதைத் தின்று அடக்கி வைக்கிற ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. அந்த 'ஏதோ ஒன்று' நுளம்பைப் போல மெலிந்த ஒரு சின்னக் குளவி. அதற்கு மக்ரோசென்ட்ரஸ் என்று பெயர். குளவி என்றதும் பயப்பட வேண்டாம். இது மனிதரைக் கொட்டுகிற ஜாதி இல்லை. இலைச் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் புழுவைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் உடம்புக்குள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். புழு வழக்கம்போல் தின்றுகொண்டிருக்கும். உள்ளே குளவியின் குஞ்சு புழுவைத் தின்றுகொண்டிருக்கும். கடைசியில் சுருளுக்குள்ளிருந்து அந்துப்பூச்சி வெளிவராது, குளவிதான் வரும்.

1935, 1936ஆம் ஆண்டுகளில் அந்தக் குளவியை ஜாவாவிலிருந்து கொண்டு வந்து நமது மலைநாட்டுத் தேயிலையில் விட்டார்கள். அது இங்கே குடியேறிப் பெருகியது. சில ஆண்டுகளில் இலைச்சுருட்டிப் புழு தலைவலி என்ற நிலையிலிருந்து சில்லறைத் தொல்லை என்ற நிலைக்கு இறங்கியது. உலகத்துத் தேயிலை நாடுகளெல்லாம் எடுத்துச் சொல்லும் வெற்றிகளில் இது ஒன்று. குளவிக்குச் சம்பளம் இல்லை, லீவு இல்லை, டாங்கி சுமந்து போகத் தேவையும் இல்லை. யாரும் மருந்தடிக்காமலே ஒரு தலைமுறைக் காலம் அது தன் வேலையைச் செய்தது.

இனி இரண்டாவது பதில். தேயிலைக்கு இன்னொரு எதிரி உண்டு. அது கிளை துளைக்கும் சின்னக் கறுப்பு வண்டு. எள்ளைவிடப் பெரிதில்லை. குண்டூசியால் குத்தியதுபோல் ஒரு துளை போட்டு உள்ளே சுரங்கம் அமைக்கும். நுவரெலியாவின் குளிரில் இதன் ஆட்டம் குறைவு. சற்றுக் கீழே இடைநாட்டுத் தோட்டங்களில்தான் இதற்குக் கொண்டாட்டம். இதில் ஓர் அதிசயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. இந்த வண்டு மரத்தைத் தின்பதில்லை! தாய் வண்டு தன் வாய்ப் பக்கத்துச் சின்னப் பையில் ஒரு வகைப் பூஞ்சணத்தின் விதையைச் சுமந்து வருகிறது. நாம் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் உறை ஊற்றுகிறோமே, அதே மாதிரி, புதிய சுரங்கத்தின் சுவரில் அந்தப் பூஞ்சணத்தை உறை ஊற்றி வளர்க்கிறது. அதுதான் குஞ்சுகளுக்குச் சாப்பாடு. வீட்டுத் தோட்டம் செய்வது நாம் மட்டும் என்று பெருமைப்படுவதற்கில்லை, பார்த்தீர்களா? ஆனால் சுரங்கம் விழுந்த கிளை பலமிழந்து, காற்றடித்தாலோ கொழுந்தெடுக்கும்போது கை பட்டாலோ ஒடிந்து விழும். தோட்டத்துக்கு அது பெரிய நட்டம்.

1950களின் பிற்பகுதியில் இந்த வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற மருந்தை அடிக்கத் தொடங்கினார்கள். டீ.டீ.ரீ.யின் உறவினர்போன்ற, நெடுங்காலம் அழியாமல் இலையிலும் மண்ணிலும் தங்கும் மருந்து அது. வண்டு குறைந்தது உண்மைதான். ஆனால் அதே மலைகளில், இருபது வருடங்களுக்கு மேல் அடங்கிக் கிடந்த இலைச்சுருட்டிப் புழு திடீரென்று திரண்டு எழுந்தது. வேறு சில புழுக்களும் சேர்ந்துகொண்டன. என்ன நடந்தது? மருந்து, புழுவை அடக்கி வைத்திருந்த ஜாவாக் குளவியைக் கொன்றுவிட்டது! புழுவோ இலைச் சுருளுக்குள் பத்திரமாகப் படுத்திருக்கிறது. குளவி பாவம், புழுவைத் தேடி இலைக்கு இலை நாள் முழுக்க நடக்கிறது. மருந்து பட்ட இலையில் அதிகம் நடப்பவருக்குத்தானே அதிகம் விஷம் ஏறும்?

தேயிலைப் பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற மாணவர்களுக்கு இந்தச் சம்பவம் இன்றும் பாடமாகச் சொல்லித் தரப்படுகிறது. ஆனால் அந்த மலைக்கு ஐந்நூறு யார் தள்ளிக் கோவா நட்டிருக்கும் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, உங்கள் கோவாவில் இருப்பது யார்? நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் அரை அங்குலத்துக்கும் குறைவான மெல்லிய பச்சைப் புழு. தொட்டால் துடித்துப் பின்பக்கமாக நெளிந்து, நூலில் தொங்கிக் கீழே இறங்கும். இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் கண்ணாடிக் கடதாசிபோல் மிச்சம் வைக்கும். பிறகு அதுவும் கிழிந்து ஓட்டையாகும். இதன் அந்துப்பூச்சி சிறகை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைரக் கல்லை வரிசையாகப் பதித்ததுபோல் தெரியும். ஆகவே வைரமுதுகு அந்து என்று பெயர். பெயர் மட்டும்தான் வைரம்.

கோவா, கரட், லீக்ஸ் எல்லாம் நமது மலையில் முளைத்த பயிர்கள் அல்ல. 1840களின் பிற்பகுதியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் குடியேறி, தமது நாட்டுக் கால்நடைகளையும் பயிர்களையும் கொண்டு வந்து பண்ணை அமைத்தார். இங்கிலாந்துக் குளிர் இங்கே கிடைத்ததால் அந்நாட்டு மரக்கறிகளுக்கு இந்த மண் பிடித்துப்போயிற்று. ஒரு பயிர் புதிய நாட்டுக்குக் குடிபோகும்போது அதன் பூச்சி முன்னோ பின்னோ வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் பூச்சியின் எதிரிதான் பல வேளைகளில் கப்பலைத் தவறவிட்டுவிடுகிறது. தேயிலைக்கு நேர்ந்ததும் கோவாவுக்கு நேர்ந்ததும் அடிப்படையில் இதுதான்.

இந்த வைரமுதுகு அந்துக்கு இன்னொரு கெட்ட பெயரும் உண்டு. நமக்குக் குளவியைத் தந்த அதே ஜாவாத் தீவில், 1950களின் தொடக்கத்திலேயே, டீ.டீ.ரீ. அடித்தாலும் இது சாகவில்லை என்று கண்டுபிடித்தார்கள். விளைநிலப் பூச்சிகளில் அந்த மருந்தை முதன்முதலில் வென்றவர்களில் இவரும் ஒருவர். அதன் பிறகு வந்த மருந்துகளையும் ஒவ்வொன்றாக வென்றுகொண்டே வருகிறார். எப்படி என்று கேட்பீர்கள். நூறு புழுவில் தொண்ணூற்றெட்டு செத்தாலும், மருந்தைத் தாங்கும் இரண்டு தப்பும். அந்த இரண்டின் பிள்ளைகளும் தாங்கும். வெப்பமான இடங்களில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தலைமுறை என்றால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். குளிரில் கொஞ்சம் கூடுதலாகும், அவ்வளவுதான். மரக்கறித் தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பதும், நாளுக்கு நாள் மூடிக் கணக்கு கூடுவதும் இதனால்தான். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. லொறி வரும் நாளில் கோவாவில் ஓட்டை இருந்தால் விலை பாதியாகிவிடுகிறது. கடனுக்கு விதை வாங்கியவர் என்ன செய்வார்? ஆனால் நமக்கு லொறி வரப்போவதில்லை. ஓட்டை விழுந்த வெளியிலை நான்கைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளிருக்கும் கோவாவைச் சமைக்க நம்மால் முடியும். வீட்டுத் தோட்டக்காரிக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான்.

இனிச் செய்ய வேண்டியது. காலையில் பனி காய்ந்ததும் ஒரு தடவை இலைகளைப் புரட்டிப் பாருங்கள். முப்பது கோவாவுக்குக் கால் மணித்தியாலம் போதும். கையில் அகப்படும் பச்சைப் புழுக்களை எடுத்துச் சவர்க்காரத் தண்ணீர் உள்ள டின்னில் போடுங்கள். ஆனால், இங்கேதான் நான் உங்கள் கையைப் பிடித்து நிறுத்துகிறேன், புழுவுக்குப் பக்கத்தில் குறுநொய் அரிசிபோல் வெள்ளையாக ஒரு சின்னக் கூடு ஒட்டியிருந்தால் அதைத் தொடாதீர்கள். பெரும்பாலான சகோதரிகள் அதைப் "புழு முட்டை" என்று நினைத்து முதல் வேலையாக நசுக்குகிறார்கள். அது முட்டை அல்ல. புழுவை உள்ளிருந்து தின்று முடித்து வெளியே வந்த குளவிக் குஞ்சு, தனக்குப் பின்னிய கூடு. வைரமுதுகு அந்து தன் கூட்டை வலைத்துணிபோல மெல்லிசாகப் பின்னும். உள்ளே படுத்திருப்பது வெளியே தெரியும். குளவிக் கூடு உள்ளே தெரியாதபடி நெருக்கமாக இருக்கும். ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

லீக்ஸிலும் போஞ்சியிலும் ரோசாச் செடியிலும் மொய்க்கும் அழுக்கணவனுக்கும் இதே கதைதான். கூட்டத்துக்கு நடுவே சில மட்டும் ஊதிப்போய், காய்ந்த வைக்கோல் நிறத்தில், அசையாமல் ஒட்டியிருக்கும். அவை செத்தவை. உள்ளே குளவி வளர்கிறது. சில நாட்களில் வட்டமாக ஒரு மூடியை வெட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். அப்படிப்பட்டவை நிறைய இருக்கும் கொப்பை வெட்டி எறியாதீர்கள்.

என்னுடைய முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தோட்டம் செய்யத் தொடங்கிய புதிதில், ரோசாச் செடியில் முதலைக் குட்டியைச் சுருக்கியதுபோல் கறுப்பும் செம்மஞ்சளுமாகச் சில பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பார்க்கவே அருவருப்பு. செருப்பைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தட்டிக் கொன்றேன். அடுத்த வாரம் மொட்டெல்லாம் அழுக்கணவன்! உம்மா வந்து பார்த்துவிட்டு, "நீ கொன்னது அழுக்கணவனத் தின்ற சாமானெல்லோ, மகள்" என்றார். பிள்ளைகள் கையில் ஏற்றி விளையாடுகிற சிவப்புப் பொறிவண்டின் குஞ்சுகள்தாம் அவை. தாய் அழகு, பிள்ளை அழகில்லை. அதனால் நம் கையில் சாகிறது. ஒன்று மட்டும் கவனம்: கத்தரி, உருளைக்கிழங்கு இலைகளில் மங்கிய மண்ணிறத்தில், மினுமினுப்பு இல்லாமல், நிறையப் புள்ளிகளோடு இருக்கும் பொறிவண்டு நம் கூட்டாளி அல்ல. அது இலையைத்தான் தின்னும். அதைத் தயங்காமல் பொறுக்கி எடுங்கள்.

நாற்று மேடைக்கு மேல், கிழிந்து ஒதுக்கிய நுளம்பு வலையைக் கம்பு ஊன்றி விரித்துவிடுங்கள். அந்து உள்ளே போய் முட்டையிட முடியாது. பாத்தியின் ஓரத்தில் ஒரு பிடி கொத்தமல்லியை அறுக்காமல் பூக்க விடுங்கள். குளவிகளின் குஞ்சுதான் புழுவைத் தின்னும், வளர்ந்த குளவிக்குத் தேன் வேண்டும். அவற்றின் சின்ன வாய்க்குக் கொத்தமல்லி, பெருஞ்சீரகம் போன்ற குட்டிப் பூக்கள்தான் எட்டும். வேப்பெண்ணெய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நுவரெலியாக் குளிரில் வேம்பு வளராது, வரண்ட பிரதேசத்திலிருந்து வருவதை வாங்கலாம். ஆனால் அதையும் வாரத்துக்கு ஒரு தடவை வழக்கமாக அடிக்காதீர்கள், கை மீறினால் மட்டும் பாவியுங்கள். அப்படியும் தாங்காவிட்டால், புழுவின் வயிற்றை மட்டும் தாக்கும் பற்றீரியாத் தூள் ஒன்று இருக்கிறது. சுருக்கமாக 'பீ.ரீ.' என்பார்கள். குளவியை அது ஒன்றும் செய்யாது. லேபிளோடு, முத்திரை உடைக்காத பக்கெட்டாக வாங்குங்கள். கூட்டாளியிடம் சோடாப் போத்தலில் வேண்டாம்.

கண்டி, மாத்தளைப் பக்கத்துச் சகோதரிகள், "இதெல்லாம் குளிர்ப் பிரதேசத்துக் கதை" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பப்பாசி மரங்களை நினைத்துப் பாருங்கள். 2008இல் பஞ்சை உதிர்த்துத் தூவியதுபோல் வெள்ளை மாவுப்பூச்சி வந்து மரம் மரமாகச் சாய்த்ததே! அது மெக்சிக்கோப் பக்கத்துப் பூச்சி. மருந்தடித்தவர்கள் களைத்துப்போனார்கள், மெழுகுப் போர்வைக்குள் மருந்து இறங்கவில்லை. 2009இல் அதன் பிறந்த நாட்டுப் பக்கத்துக் குளவி ஒன்றைக் கொண்டு வந்து விட்டார்கள். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் அதே 2008இல் அதே பூச்சி வந்து, 2010இல் அதே குளவி விடப்பட்டது. இரண்டு இடங்களிலும் மாவுப்பூச்சி அடங்கியது. தலவாக்கலைக்கு 1935இல் தெரிந்தது, எழுபது வருடங்களுக்குப் பிறகும் பலித்தது.

இதைச் சொன்னவுடன் "அப்படியானால் எல்லா மருந்தையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமே" என்று சிலர் எழுதுவார்கள். 2021இல் நாட்டில் அதைத்தான் செய்து பார்த்தார்கள். இரசாயன உரமும் மருந்தும் இறக்குமதி செய்யக்கூடாதென்று ஏப்ரல், மே மாதங்களில் உத்தரவு வந்தது. நவம்பரில் அதை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. இடையில் நுவரெலியா மரக்கறிக்காரர்கள் பட்டது உங்களுக்கே தெரியும். வருடக்கணக்காக மருந்து குடித்த மண்ணில் குளவியும் இல்லை, பொறிவண்டும் இல்லை. வர்த்தமானி அறிவித்தல் வாசித்துவிட்டு அவை மறுநாள் வந்துவிடுவதில்லை. திரும்பி வர நாளெடுக்கும். முப்பது கோவாக்காரி அந்த நாட்களைத் தாங்கலாம். மூன்று ஏக்கர்க்காரரால் முடியாது.

ஆனால் மிகக் கொடிய விஷங்களை மட்டும் தேர்ந்து நிறுத்தியதால் நன்மை விளைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மொனோகுரோட்டொபொஸ், மெத்தமிடொபொஸ் ஆகிய இரண்டும் 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் இலங்கையில் தடை செய்யப்பட்டன. அதற்குப் பின் வந்த பத்து ஆண்டுகளில் நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நெல் விளைச்சல் அதனால் விழுந்துவிடவில்லை. இந்தக் கணக்கை நான் ஏன் ஒரு குடும்ப இதழில் எழுதுகிறேன் என்று கேட்கிறீர்களா? கோபத்திலும் மனவருத்தத்திலும் ஒரு நிமிடம் தடுமாறிய எத்தனையோ பெண்களும் பிள்ளைகளும் எடுத்துக் குடித்தது கைக்கு எட்டிய போத்தலைத்தான். அந்த நிமிடத்தில் போத்தல் அங்கே இல்லாதிருந்தால், அந்த நிமிடம் கடந்துபோயிருக்கும். குசினி அலுமாரியைப் பற்றி முதலிலேயே நான் அப்படிப் பதறியதன் காரணம் இதுவும்தான்.

ஹட்டனிலிருந்து இன்னொரு சகோதரி களையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பாத்திக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக்கூடாது, மண் கழுவித் துடைத்த தட்டுமாதிரி இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்கிறாராம். மாமியார் சொல்வது பழைய தோட்டத்து வழக்கம். கோப்பிக் காலத்திலும் தேயிலையின் ஆரம்ப காலத்திலும் துரைமார் அப்படித்தான் மலையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கச் சொன்னார்கள். சுரண்டியால் புல்லோடு மேல்மண்ணும் கிளம்பியது. அடுத்த மழைக்கு அது ஆற்றுக்குப் போயிற்று. மலைநாட்டின் நல்ல மண்ணில் எவ்வளவோ இப்படி இறங்கிப் போனதுதான். ஆகவே மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: விதை கட்டுமுன் பெரிய களையைக் கையால் பிடுங்கி அங்கேயே மூடாக்காகப் போடுவோம், தரையோடு படர்ந்திருக்கும் மெல்லிய பூண்டைக் கொஞ்சம் விட்டுவைப்போம், மழையில் மண் நிற்கும்.

விட்டுவைக்கக் கூடாதவையும் உண்டு. நிலத்துக்கடியில் கொடியாக ஓடும் புல்லை ஒரு கணு மிச்சமில்லாமல் தோண்டி எடுக்க வேண்டும். ஊதாப்பூப் பூக்கும் பெரிய இலைப் புளியாரையை மண்வெட்டியால் கொத்தாதீர்கள். அடியில் வெங்காயம்போல் குட்டிக் கிழங்குகள் இருக்கும். ஒரு கொத்துக்கு அவை பத்து இடத்தில் சிதறும். மண் ஈரமாக இருக்கையில் முள்கரண்டியால் கிளப்பிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். வேலி அழகுக்கென்று உண்ணிச் செடியை நடாதீர்கள். அழகுக்கென்று கொண்டு வரப்பட்டதுதான் இன்று நாடெங்கும் காடாகி நிற்கிறது. ஹோர்ட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போகிறவர்கள், மஞ்சள் பூவோடு முள்முள்ளாக நிற்கும் கோர்ஸ் புதரையும் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர் ஊர் ஞாபகத்துக்குக் கொண்டு வந்த செடி அது. இன்று புல்வெளியை விழுங்குகிறது என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

நுவரெலியாச் சகோதரிக்கு ஒரு வேலை வைத்து முடிக்கிறேன். வெள்ளைக் கூடு ஒட்டிய ஒரு துண்டுக் கோவா இலையை வெட்டி, சுத்தமான கண்ணாடிப் போத்தலில் போடுங்கள். வாயை மெல்லிய மஸ்லின் துணியால் மூடி ரப்பர் பட்டியால் கட்டுங்கள். வெயில் படாத ஜன்னலோரத்தில் வைத்துத் தினமும் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் ஒரு வாரம், பத்து நாள், சில வேளை அதற்கு மேலும் ஆகலாம். ஒரு காலையில் துணிக்கடியில் நுளம்புக் குஞ்சுபோல் கறுப்பாக ஒன்று சிறகை அடித்துக்கொண்டு நிற்கும். போத்தலைக் கோவாப் பாத்திக்குக் கொண்டு போய், பூத்திருக்கும் கொத்தமல்லிக்குப் பக்கத்தில் வைத்துத் துணியை அவிழ்த்துவிடுங்கள். எத்தனை நாளில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் உருளைக்கிழங்கு இலைக் கருகலைப் பற்றிப் பார்ப்போம். அது பூச்சியால் வருவதல்ல, அதற்குக் குளவி உதவாது.